வலிக்காத இடம்

(செவிலியர், இயன்முறை மருத்துவ மாணவர்களின் பயிற்சி நிறைவு விழாவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘ஏற்றுக்கொள்ளுதலும் வளர்ச்சியும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. நம் ஊரில் ஒருவர் இன்னொருவரிடம் ‘ஏத்துக்கோம்மா’ என்று சொன்னால், பெரும்பாலும் அது சொல்கிறவருக்கு வசதியான பேச்சு. அடித்த புருஷனோடு சேர்ந்து வாழச் சொல்லி, திரும்பி வந்த மகளிடம் பெற்றவர்கள் சொல்வது. சம்பளம் கூட்டிக் கேட்டவனிடம் முதலாளி சொல்வது. ‘நமக்கு விதிச்சது அவ்வளவுதான்’ என்று அதற்கு ஒரு பூட்டும் போட்டுவிடுவார்கள். அந்த ஏற்பைப் பற்றிப் பேச நான் வரவில்லை.

தமிழ் வாத்தியார் என்பதால் முதலில் சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்திசூடியில் ஔவையார் ஏற்பதைப் பழிக்கிறார். அங்கே ஏற்பது என்றால் பிச்சை வாங்குவது, கையை நீட்டி விரித்துப் பிடிப்பது. இன்று நாம் மனத்தால் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிற இந்தக் காரியத்துக்கு, சொல்லின் அடியில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உங்களை 1947-க்குக் கூட்டிப் போகிறேன்.

இடம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்து அதிக நாள் ஆகாத பால் பிராண்டை அங்கே அழைத்துப் போகிறார் ராபர்ட் காக்ரேன். காக்ரேன் தொழுநோய் வல்லுநர். பிராண்டை வெள்ளைக்காரர் என்று சொல்லலாம். ஆனால் பிறந்தது நம்முடைய கொல்லிமலையில், 1914-ல். அன்று அவர் பார்த்ததெல்லாம் கைகள். விரல்கள் உள்ளே மடங்கி, பருந்து நகம்போல இறுகிப்போன கைகள். விரிக்க முடியாது. ஒரு பிடி சோற்றை ஏந்த முடியாது. இந்த ஊனத்துக்கு ஏன் யாரும் அறுவை செய்து பார்க்கவில்லை என்று கேட்கிறார். அதை ஆராய்ந்து பார்த்த எலும்பு மருத்துவர் ஒருவர்கூட அதுவரை இல்லை. தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் உதிரும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அன்றைய பொதுப் புத்தி. டாக்டர்களும் அதற்கு விலக்கில்லை.

பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, ‘அழுத்திப் பிடி’ என்றார். செத்த கை என்று நினைத்துத்தான் கொடுத்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. நகம் சதையில் இறங்கிவிட்டது. பிடித்தவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. அவருக்குத்தான் உணர்ச்சி இல்லையே. வலித்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில்தான் பிராண்டுக்கு விஷயம் பிடிபட்டது: இந்தக் கையில் எல்லாமே செத்துவிடவில்லை. சில நரம்புகள் போயிருக்கின்றன, அவற்றை நம்பியிருந்த தசைகள் போயிருக்கின்றன. முன்கையில் நல்ல தசை உயிரோடு இருக்கிறது.

இதற்குப் பிறகு அவர் வேலூரில் செய்த அறுவை சிகிச்சையை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். நான் ஒரு வாத்தியாருக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செத்த நரம்பு செத்ததுதான், அதை எழுப்ப முடியாது. நல்ல நிலையில் இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, வழி மாற்றிக் கொண்டுபோய், வேலை நின்றுபோன விரலில் தைக்கிறார். சில வாரம் கட்டு. கட்டைப் பிரித்ததும் விரல் நிமிர்ந்துவிடாது. இதுநாள்வரை ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசை இனி வேறு வேலை செய்ய வேண்டும் என்பதை மூளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி. அந்தப் பயிற்சியைக் கொடுக்கத்தான் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிசியோதெரபி பிள்ளைகள் தயாராகி இருக்கிறீர்கள்.

என் தலைப்புக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. போனதைப் போனது என்று எழுதிவைக்காமல் இந்த அறுவையைத் தொடங்கவே முடியாது. ‘நரம்பு திரும்ப வந்துடும், பார்க்கலாம்’ என்று காத்திருந்தால் விரல் இறுகி மூட்டும் போய்விடும். ‘எல்லாம் போச்சு’ என்று விட்டாலும் அதே கதிதான். எது போயிற்று, எது மிச்சம் என்று ஒவ்வொரு தசையாகச் சோதித்துக் கணக்கெடுக்க வேண்டும். ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது அந்தக் கணக்கெடுப்பைத்தான். அதில் கண்ணீருக்கும் இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த அறுவை அறைக்குள் ஒரு பெண் டாக்டரைக் கூட்டி வருகிறேன். மேரி வர்கீஸ். கொச்சிக்குப் பக்கத்தில் செறாயி என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து, அங்கேயே பணியில் இருந்தவர். 1954-ன் தொடக்கத்தில் உடன் வேலை செய்த டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத் தண்டுவடம் சேதம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயது 28.

அந்தக் காலத்தில் தண்டுவடம் போவது என்றால் என்ன என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் அப்படி அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே செத்துப்போனார்கள். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர், ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்குப் போன யூத மருத்துவர் லுட்விக் குட்மன். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பிரிவில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். இரவிலும் வைத்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில் வித்தைப் போட்டி வைத்தார். இன்றைய பாராலிம்பிக்ஸுக்கு விதை அதுதான். மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தாண்டிய உயரத்துக்கும், அந்த இரண்டு மணி நேரத் திருப்பலுக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

மேரி வர்கீஸ் படுக்கையில் இருந்தபோது இந்தியாவில் அப்படி ஒரு மறுவாழ்வுப் பிரிவு கிடையாது. நிற்க முடியாத ஒருவர் எப்படி டாக்டராக இருக்க முடியும்? பிராண்ட் அவர் முன் வைத்த யோசனை மிக எளிமையானது: கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். யோசித்துப் பாருங்கள், கால் நல்லா இருக்கிற டாக்டர்களும் அதை ஸ்டூலில் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். நோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்துச் செய்கிற நுணுக்கமான வேலை அது. அங்கே சக்கர நாற்காலி ஒரு நாற்காலி, அவ்வளவே. இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பிராண்ட் ஆறுதல் சொல்லியிருக்கலாம், தைரியம் சொல்லியிருக்கலாம். அவர் ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவருடைய அறுவைமுறை எதுவோ அதையே இங்கேயும் செய்தார் என்று தோன்றுகிறது. உயிரோடு இருக்கிற தசை எது என்று பார்த்து, அதை வேறு இடத்தில் கொண்டுபோய்த் தைத்தார்.

மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தும் அறுவைகளைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்வதுவரை பயின்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தைப் படிப்பாகவே படித்தார். திரும்பி வந்து 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குப் பொறுப்பேற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. பத்மஸ்ரீ வாங்கியதால் அவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

அறுவை அறையில் எதிரெதிரே இருந்த அந்த இரண்டு பேரையும் பாருங்கள். மேசைமேல் கையை நீட்டியிருக்கிறவருக்கு அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. கத்தியைப் பிடித்திருக்கிறவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை. தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் கெட்டுப்போகின்றன என்பதை நிறுவியவர் பிராண்ட்தான். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார்கள். சிகரெட் கடைசிவரை எரிந்து விரலைச் சுட்டாலும் தெரியாது. இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்திருக்கிறது, தூங்கியவர் எழவில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு பூனை வளர்த்தார்கள். சிரிக்காதீர்கள், அது அங்கே மருத்துவம். தண்டுவடம் போனவருக்கும் இதே கதைதான். ஒரே பக்கம் உட்கார்ந்தால் சதை செத்துப் புண்ணாகும், உடம்பு சொல்லாது. நமக்கெல்லாம் சினிமா கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு தானாக நெளியும். அவர்களுக்கு நெளியாது. அதனால் கையை ஊன்றி இடுப்பைத் தூக்க நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். தொழுநோயாளி தினமும் கையையும் காலையும் உற்றுப் பார்க்க வேண்டும், செருப்புக்குள் முள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். உடம்பு சொல்லாததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஒழுங்கு இது. மேரி வர்கீஸ் தன் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்குக்கு அவரும் வெளியே இல்லை.

‘எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை’ என்பதை ஒருநாள் அழுது ஏற்றுக்கொண்டால் போதாது. நாளைக் காலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், கண்ணாடியை எடுக்க வேண்டும். ஒருநாள் விட்டால் புண்.

பெரியவர்களைப் பற்றிப் பேசிவிட்டு என்னைப் பற்றிச் சொல்வது கூச்சமாக இருக்கிறது. சின்ன விஷயம்தான். எனக்கு ஐம்பது வயதுக்குமேல் இடது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காது போகும்போது ஒரு வசதி, கேட்காதது எது என்று நமக்குத் தெரியாது. மூன்று வருஷம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து பேசவே வருவதில்லை என்று ஆசிரியர் அறையில் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில் பார்க்கிறேன், வலப்பக்கத்து பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், இடப்பக்கம் காலி. ஃபேன் ஓடவில்லையா என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, ‘இல்லைங்கய்யா, இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் உங்களுக்குக் கேக்குது’ என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழைய செய்தி. என் குறையை எனக்கு முன்னாலேயே ஏற்றுக்கொண்டு, பேசாமல் இடத்தை மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் காது மெஷின் வாங்கினேன். அதைவிடப் பெரிய மாற்றம், யார் கேள்வி கேட்டாலும் அதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லி, ‘இதுதானே கேட்டாய்?’ என்று சரிபார்த்துவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, காது நன்றாக இருந்த முப்பது வருஷமும் நான் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, நான் நினைத்ததற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கடைசி ஐந்து வருஷம்தான் நான் சுமாரான வாத்தியாராக இருந்தேன்.

உங்கள் தொழிலில் வலிக்காத இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததாக சார்ட்டில் ஒரு டிக் தவறாமல் இருந்தது. முதுகில் புண்ணும் இருந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அந்த நர்ஸ் பிள்ளையை நான் திட்டவும் இல்லை; அந்த வார்டில் ராத்திரி ஒரே ஆள், நோயாளிகள் ஏகப்பட்ட பேர். ‘என்னால் இத்தனை பேரைத் திருப்ப முடியவில்லை’ என்று அந்தப் பிள்ளை சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால், என் அண்ணன் மகனே விழித்திருந்து திருப்பியிருப்பான். சொல்ல இடம் இல்லை, டிக் போடக் கட்டம் இருந்தது. பொய் டிக் போடும்போது கை வலிக்காது. அதனால்தான் சொல்கிறேன், மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்த நிமிஷமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழும். நாளைக்குச் சொன்னால் திட்டோடு ஒரு உயிரும் சேரலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் மேட்ரன் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: வந்து சொல்கிற பிள்ளையை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினால், அடுத்த பிள்ளை சொல்லாது.

கண்ணீரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து ஐந்து படிநிலைகளைப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியாக ஏற்பு. அவர் பேசியது சாவை எதிர்நோக்கி இருந்தவர்களோடு. இது எல்லோரும் வரிசையாக ஏறுகிற மாடிப்படி இல்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நாமோ வேலை போனவன், காதல் தோற்றவன் எல்லோரையும் அதில் ஏற்றிவிட்டு, ‘நீ இப்போ மூணாவது படியில இருக்கே’ என்கிறோம். நம் கிராமத்துப் பெண்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும். சாவு வீட்டில் ஒப்புச் சொல்லி அழுவார்கள். ‘மனம் ஒப்பவில்லை’ என்பதிலும் ‘ஒப்புக்கொண்டேன்’ என்பதிலும் இருக்கிற ஒப்பு, ஒப்பாரியிலும் இருக்கிறது. போனவர் எப்படிப்பட்டவர், அவர் இருந்தபோது வீடு எப்படி இருந்தது, இனி என்னென்ன இல்லை என்று ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லும் அழுகை அது. அதுவும் ஒரு கணக்கெடுப்புதான். கால் போன ஒருவரிடம் மூன்றாம் நாளே போய் ‘பாசிட்டிவ்வா இருங்க சார்’ என்று சொல்லாதீர்கள். அவர் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் போய்க் கலைக்காதீர்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பேசியது பாதிப் பொய்யாகிவிடும். பிராண்ட் கை நிமிர்த்தி அனுப்பியவர்களில் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை என்றார்கள். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. வேலை கொடுக்கவும் ஆள் இல்லை, தழும்பு இருக்கிறதே. தங்க இடம் கொடுக்கவும் ஆள் இல்லை. நோயாளி தன் நிலையை ஏற்று, அறுவை செய்துகொண்டு, மாதக்கணக்கில் பயிற்சி செய்து கையை விரித்துவிட்டார். எதிரே இருந்த ஊர் கையை விரிக்கவில்லை. கடைசியில் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தச்சு வேலை, பொம்மை செய்யும் வேலை எல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு மையமே தொடங்க வேண்டியிருந்தது. தொழுநோயாளிகளைத் தனியே அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நாட்டில் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வேலைக்கு நேர்காணல் நடக்கும் அறை எந்த மாடியில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

‘நீ உன்னை ஏற்றுக்கொள்’ என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால், அவர் வருகிற வழியில் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் மரியாதை. நான் எண்ணினேன். இந்த மேடைக்கு ஏழு படி. மறுவாழ்வைச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி இது. மேரி வர்கீஸ் இன்று உயிரோடு இருந்து, இந்தப் பட்டங்களை வழங்க அவரை நீங்கள் அழைத்திருந்தால், நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றியிருப்பீர்கள். முதல்வர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் மேடையின் பக்கவாட்டில் ஒரு சாய்தளம் கட்டிவிடுங்கள். கொத்தனார் கேட்டால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சொல்லுங்கள். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தானாகத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்குக் கை போய்விடும்.

கேள்வி கேட்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர்கள் தயவுசெய்து என் வலப்பக்கம் வந்து நின்று கேளுங்கள்.